ஓதின தண்ணீரும் நூறு யார் ஓட்டமும்

பந்தயத்துக்கு முன்னால் ஒருவனுக்குக் கை கால் நடுங்குவது பெரிய கொடுமையில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு நடுங்காமல் இருப்பதுதான் கொடுமை.

ஐம்பதுகளில், கல்முனையில், நான் பள்ளிக்கூடத்து நூறு யார் (நூறு கெஜம்) ஓட்டக்காரன். அந்த வருடம் முதலாவதாக வருபவன் மட்டக்களப்பில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். போகாவிட்டால் செத்தே போவேன் என்றிருந்தேன். ஆனால் போட்டியன்று காலையிலேயே நாக்கு வறண்டு, ஒரு இடியப்பம்கூட இறங்கவில்லை.

அதே ஓட்டத்தில் ஓடவிருந்த என் மாமி மகன் சலீமோ மைதானத்து ஓரம் பூவரச மரத்தடியில் மல்லாந்து நித்திரை. அவனுடைய கால்களைக் கண்டு எனக்குப் பொறாமை வந்ததேயில்லை. அந்த நித்திரையைக் கண்டுதான் பற்றி எரிந்தது.

அவன் தலைமாட்டில் ஒரு போத்தல் இருந்தது. பயம் போகப் பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீர். எனக்கும் உம்மா ஒரு போத்தல் வாங்கித் தந்திருந்தார். முழுவதையும் குடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. இவனுக்கு மட்டும் லெப்பை கூடுதலாக ஓதியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். (லெப்பை அவனுக்குப் பெரிய வாப்பா முறை. சந்தேகம் வராதா?)

ஊற்றிவிடத்தான் போத்தலை எடுத்தேன். ஆனால் ஓதின தண்ணீரைக் கால்படும் இடத்தில் ஊற்றக்கூடாதே! மைதானம் முழுக்கக் கால்கள். வேறு வழியில்லாமல் பிஸ்மி சொல்லி, சட்டையில் கொஞ்சம் சிந்தினாலும், கடைசிச் சொட்டுவரை நானே குடித்தேன்.

கோட்டில் குனிந்தபோது வயிற்றுக்குள் வாய்க்கால் ஓடியது. பக்கத்தில் சலீம், முகம் வெளுத்து நின்றான்.

“மச்சான், என்ட தண்ணிப் போத்தலக் கண்டியாடா?”

“இல்லடா.”

விசில் ஊதியது. எல்லோரும் முன்னால் ஓடினார்கள். நான் திரும்பிக் கக்கூசை நோக்கி ஓடினேன். அன்று அந்த மைதானத்தில் வேறு யாரும் அந்த வேகத்தில் ஓடவில்லையாம்.

திரும்பி வந்தபோது காரைதீவுப் பொடியன் ஒருவன் வென்றிருந்தான். கடைசியாக வந்த சலீம் பூவரசடியில் ஓங்கரித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

“என்னடா, அவ்வளவு நிம்மதியா நித்திர கொண்டாயே?”

“நித்திரயா? கண்ணத் தொறந்தா சத்தி வரும் எண்டு மூடிக்கிட்டுக் கிடந்தன். நீ நடுங்கினாலும் எழும்பித் திரிஞ்சாய். அதப் பாத்து எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா?”

அவன் பார்வை என் நனைந்த சட்டையில் நின்றது. நான் ஓடிய திசையையும் நினைத்துப் பார்த்திருப்பான். சிரிக்கத் தொடங்கினான்.

“ஓம், இப்ப விளங்குது. அப்ப நீதான்டா மட்டக்களப்புக்குப் போய்ட்டு வந்திருக்காய்!”

இரண்டு வீட்டிலும் பேரப்பிள்ளைகள்வரை இன்றைக்கும் கக்கூசுக்குப் போகும்போது “மட்டக்களப்புக்குப் போய்ட்டு வாறன்” என்றுதான் சொல்கிறார்கள். தண்ணீர் குடித்தவன் நான், ஓடியவன் நான், மானம் போனவனும் நான். எல்லோரும் சிரிக்கும் அந்தப் பகிடிக்குப் பேர் வாங்கியவன் மட்டும் சலீம். அதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.