மூக்குக்குப் பூக் கேட்டவர்

யோசனை கேட்டே ஆயுளைக் கழிக்கிறவர்கள் ஓர் இனம். நம் கோயமுத்தூரில் நீங்கள் தடுக்கி விழுந்தால், தூக்கிவிட அவர்களில் ஒருவர்தான் ஓடி வருவார். வந்து, "ஏனுங்க, எந்தப் பக்கமாப் புடிச்சுத் தூக்கட்டுங்க?" என்று உங்களையே கேட்பார்.

பீளமேட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் லட்சுமிநாராயணனைப் பாருங்கள். தங்கமான மனிதர். எப்போதோ ஸ்பேனர் நழுவி உடைந்த மூக்கு, வருஷக்கணக்காக வளைந்தே கிடந்தது. மூச்சு அடைத்தது. அவர் விட்ட குறட்டையில் மனைவி பங்காரம்மா கண்ணயர்ந்ததே இல்லை. போன தை மாதம் ஆபரேஷன் செய்து மூக்கை நிமிர்த்திக்கொண்டார். மூச்சு தாராளமாக வந்தது, குறட்டை போன இடம் தெரியவில்லை, அந்த அம்மாளும் பாக்கித் தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினாள். அதோடு விட்டுவிட்டால் அவர் அந்த இனமா?

ஒருநாள் சவரம் செய்கையில் மூக்கு நுனி ஒரு மயிரிழை இடது பக்கம் சாய்ந்தாற்போலத் தெரிந்தது. ஓடினார் டாக்டரிடம்.

"இன்னொருக்கா ஆபரேஷன் பண்ணி நிமித்தலாமுங்க. ஆனா மூச்சு மறுபடி அடைச்சாலும் அடைக்கும். உங்க மூக்கு, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

நீங்களே முடிவு பண்ணுங்க! இப்படியொரு கொடுமையான வார்த்தையை அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

பட்டறையில் லேத் ஓட்டும் சென்னகிருஷ்ணனிடம் முகத்தை நீட்டினார். "இடது பக்கமுங்களா மொதலாளி? எனக்கு வலது பக்கமாட்டத் தெரியுதுங்க" என்றான் அவன். டீக்கடை ரசாக் பாய் தள்ளி நின்று பார்த்து, "மூக்கு நேராத்தானுங்க இருக்குது. மூஞ்சிதான் கொஞ்சம் சாஞ்சிருக்குது" என்றார். டவுன் பஸ் கண்டக்டரையும் விடவில்லை. அவர் மூக்கைப் பார்க்காமலே, "மொதல்ல டிக்கெட்டு எடுங்க" என்றார்.

மனிதர் பேச்சு ஒத்துவராதபோது சாமியிடம் போகிறோம். நல்ல வழக்கந்தான். அன்னூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். சிவப்பு வந்தது. "பொட்டலத்தைச் சரியாக் கலக்கலீங்களோ?" என்று பூசாரியைக் கேட்டுவிட்டு, அவிநாசிப் பக்கம் வேறொரு அம்மனிடம் போனார். அங்கே வெள்ளை வந்தது. அவர் முகமும் வெளுத்துவிட்டது. "ஆத்தா, நெசமாத்தான் சொல்றயா?" என்று மறுபடி பொட்டலம் கட்டச் சொன்னார்.

"ஏனுங்க, ஆத்தா என்ன உங்க பட்டறை ஆளுங்களா, சொன்னதையே சொல்லீட்டு நிக்கறதுக்கு?" என்றார் அந்தக் கோயில் பூசாரி.

சாமிக்குத்தான் எத்தனை பொறுமை!

ஊரெல்லாம் கேட்டு, இரண்டு அம்மன்களையும் கேட்டு ஓய்ந்த பிறகுதான், பங்காரம்மாவைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. அவள் புளி போட்டுக் குத்துவிளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா, வேண்டாமா?"

"தாராளமாப் பண்ணிக்குங்க. கொறட்டை திரும்பி வந்துச்சுன்னா நான் பெருந்துறைக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். நேரான மூக்கு வேணுமா, நா வேணுமா? யாருகிட்டயும் கேக்காமச் சொல்லுங்க."

அவர் கால் தன்னாலே வாசல் பக்கம் திரும்பியது.

"எங்க போறீங்க?"

"இல்ல அம்மணி... பக்கத்தூட்டுல..." என்று இழுத்தவர், அவள் விளக்கைக் கீழே வைத்த விதத்தைப் பார்த்து, "நீதான் அம்மணி வேணும்!" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தம் வாயிலிருந்தே ஒரு முடிவு வந்துவிட்டது புரிந்து, வேர்த்துப்போய் முக்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் டெலிபோன் பூத்திலிருந்து டாக்டரைக் கூப்பிட்டார். "ஆபரேஷன் வேண்டாமுங்க டாக்டரு." கணீரென்று வந்த குரல் அடுத்த மூச்சில் இறங்கிவிட்டது. "நாஞ் சொல்றது சரிதானுங்களே?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு, "ஏனுங்க, நானும் இப்படித்தானுங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டால், அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.