எலுமிச்சம்புல் சத்தியம்

இனிமே என் வீட்டு வாசப்படியைச் சோப்பு தாண்டாது. பினாயில் தாண்டாது. டி.டி.டி. பவுடர் தாண்டவே தாண்டாது. அருப்புக்கோட்டை பஜார்ல, மைக்குக்கு முன்னால, வலது கையைத் தூக்கி இப்படிச் சத்தியம் பண்ணின மகராசன் அடியேன்தான். பேரு நல்லமுத்து. வத்தல் கமிஷன் கடை வெச்சிருக்கேன். மிளகாய் நெடிக்கே தும்மாத ஆளு, ஊர்ல எவனுக்கும் பயப்படாத ஆளு. வீட்டுலயும் மரியாதைக்குக் குறைச்சல் இல்ல. எல்லாம் நான் குடுக்குற மரியாதை.

முதல்ல என் கொட்டகையைப் பத்திச் சொல்லிடுறேன். எங்க வீட்டுக் கொல்லையில ஒரு தகரக் கொட்டகை. உள்ள ஒரு பாய், ஒரு மண்பானை, சீட்டுக்கட்டு, கூட ஆடுற சேக்காளிக. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்தா விளக்கு வெக்கிற நேரம் வரைக்கும் இந்த உலகத்துல எனக்கு எஜமான் கிடையாது. என்னோட சுயராஜ்யம் மொத்தமும் அந்தத் தகரத்துக்கு அடியிலதான் இருந்துச்சு.

அந்த இடத்துலதான் என் சம்சாரம் கோகிலாம்பாள் அடிபம்பு கேட்டா. வருஷக்கணக்கா கேட்டா.

"தெருக்கோடிக் கிணத்துல இருந்து குடம் குடமாச் சுமந்து என் இடுப்பு ஒடியுதுங்க."

"சரி, கொல்லையில வேற எங்கயாச்சும் போட்டுக்கோ."

"வேற எங்கயும் நீரோட்டம் இல்லையாமே?"

நீரோட்டம் பாக்குற உக்கிரபாண்டியை அவளே கூட்டியாந்திருந்தா. மனுஷன் உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெச்சுக்கிட்டுக் கொல்லை பூரா நடந்தாரு. எங்கயும் அசையாத தேங்காய், என் கொட்டகைக்குள்ள, சீட்டுப் போடுற பாய்க்கு மேல வந்ததும் சடக்குன்னு எந்திரிச்சு நின்னுருச்சு. "தாயி, கடலாக் கிடக்கு தண்ணி"ன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். ஆம்பளை ஒரு விஷயத்துலயாவது ஆம்பளையா இருக்கணும்ல?

காரியாபட்டியில என் சகலை தனுஷ்கோடி மட்டும் போன மாசம் வீட்டுல பம்பு போட்டுட்டாரு. கோகிலத்தோட அக்கா புருஷன். முறுக்கு மீசை, சண்டைச் சாவல் வளக்குற சூரரு. "என்ன சகலை, இப்படி விட்டுக்குடுத்துட்டீக?"ன்னு கேட்டேன். பெருமூச்சு விட்டாரு. மேல குப்புன்னு தைல வாடை. மூட்டுவலி போல, பாவம்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டேன்.

அந்தச் சமயத்துலதான் பஜார்ல கூட்டம் போட்டாக.

"ஏங்க, மதுரைக்காரர் யாரோ பேசுறாராம்ல? உங்களை மாதிரி வெவரமான ஆளுக போய்க் கேக்கலாமே"ன்னு கோகிலம் சொன்னா. கல்யாணமான நாள்ல இருந்து என்னை வெவரமான ஆளுன்னு அவ சொன்னதே இல்ல. சட்டையை மாட்டிக்கிட்டு ஓடினேன்.

பேசினவரு பேரு இயற்கைப்பித்தன். தாடி வயிறு வரைக்கும் இறங்கியிருந்துச்சு.

"சோப்பு விஷம்! பினாயில் விஷம்! பெட்டியில் போடுகிறீர்களே பாச்சை உருண்டை, அதுவும் விஷம்! எலுமிச்சம்புல் தைலம் தேய்த்துக் குளியுங்கள்! வேப்பெண்ணெயில் நீலகிரித் தைலம் கலந்து தரையைத் துடையுங்கள்! மூட்டைப்பூச்சிக்குப் புங்கெண்ணெய்! பட்டுச் சேலைக்குக் கிராம்புத் தைலம்! இயற்கை அன்னை கொடுத்ததை விட்டுவிட்டு, கடைக்காரன் கொடுப்பதை ஏன் வாங்குகிறீர்கள்?"

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. யாரு முதல்ல சத்தியம் பண்றதுன்னு கேட்டாரு. கை தானாத் தூக்கிருச்சு. மேடையில ஏத்தி மாலை போட்டாக. இறங்குற வழியில ஒரு மேசை. அதுமேல இயற்கை அன்னை கொடுத்ததெல்லாம் பாட்டில்ல அடைச்சு வெச்சு வித்துக்கிட்டு இருந்தாக. ஒரு பை நிறைய வாங்கிட்டேன்.

வீட்டுல ஒரு போராட்டம் இருக்கும்னு தெம்பாத்தான் வந்தேன்.

"கோகிலம், இன்னையில இருந்து இந்த வீட்டுல சோப்பு கிடையாது."

"சரிங்க."

"பினாயிலும் கிடையாது."

"நல்லதுங்க."

"எல்லாம் தைலம்தான்."

"நீங்க சொன்னா தப்பா இருக்குமா?"

அந்த நிமிஷமே நான் உஷாராகியிருக்கணும். சரிங்க, நல்லதுங்கன்னு சேந்தாப்புல ரெண்டு வார்த்தை வந்தா அந்த வீட்டுல ஏதோ நடக்கப் போகுதுன்னு அர்த்தம். மாலை வாசத்துல மூளை வேலை செய்யல.

மறுநாள் காலையில கோகிலம் வேப்பெண்ணெயும் நீலகிரித் தைலமும் கலந்து தரையைத் துடைச்சா. காப்பிக்கு அடுப்படிக்குக் கிளம்பினேன். கொல்லைக் கதவுகிட்டப் போய்த்தான் நின்னேன். நடுவுல காலை எடுத்து வெச்ச ஞாபகமே இல்ல. கட்டில் சந்துல புங்கெண்ணெய் விட்டோம். மூட்டைப்பூச்சிக சாகல. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச மாதிரி மினுமினுன்னு, முன்னைவிடச் சுறுசுறுப்பா அலைஞ்சுதுக.

கடையில கதை இன்னும் மோசம். உடம்பெல்லாம் எலுமிச்சம்புல் தைலம். கடையெல்லாம் வத்தல் தூசி. மீனை வறுக்குறதுக்கு முன்னால மசாலாவைத் தடவி ஊற வெப்பாகள்ல, அந்த மாதிரி சாயந்திரம் வரைக்கும் ஊறினேன். எரிச்சல்னா எரிச்சல், அப்படியொரு எரிச்சல்! வீட்டுக்கு ஓடியாந்து அண்டாத் தண்ணியை மொண்டு மொண்டு ஊத்தினேன். எங்க ஊரு உப்புத்தண்ணிக்குச் சோப்பே நுரைக்காது. தைலம் லேசுல போகுமா?

தரையைக் கழுவத் தண்ணி. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்துக்குத் தண்ணி. துணிக்குத் தண்ணி. எனக்குத் தண்ணி. அப்பத்தான் கொல்லையில 'டங்'குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு.

"ஐயையோ! எங்க அம்மா வீட்டுச் சீர்க்குடம்!"

பித்தளைக் குடம். வயித்துல ஒரு நசுங்கல். கோகிலம் தலையில கை வெச்சு உக்காந்துட்டா.

"பாத்து எடுக்கக் கூடாதா கோகிலம்?"

"பாத்துத்தாங்க எடுத்தேன். தைலக் கையி, வழுக்கிருச்சு. உங்க சத்தியத்துக்காகப் பாத்திரம் பூரா தைலம் போட்டுத் தேய்ச்ச கையி."

"இப்ப என்ன பண்றது?"

"என் கையில இனிக் குடம் நிக்காதுங்க. இந்த வீட்டுல பாத்திரம் தேய்க்காத கை, தரை துடைக்காத கை, உங்க கை ஒண்ணுதான்."

அப்படித்தான் குடம் என் தோளுக்கு வந்துச்சு.

தெருக்கோடிக் கிணறு பொம்பளைக ராஜ்யம். அங்க போய் நான் குடத்தோட நின்னதும் பேச்சு நின்னு போச்சு. பக்கத்து வீட்டு ராக்கம்மாள்தான் முதல்ல வாயைத் திறந்தா.

"என்ன அண்ணாச்சி, கோகிலத்துக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா."

"அப்ப உங்களுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு."

"சத்தியம் ராக்கு! இயற்கை வாழ்வு!"

"அடி ஆத்தி! ஏய், வழி விடுங்கடி, அண்ணாச்சிக்கு வழி விடுங்க! கயித்தைப் பாத்து இழுங்க அண்ணாச்சி. கிணத்துல விழுந்துறாதீக, நாங்க குடிக்கிற தண்ணி."

ஒரு நடையோட முடிஞ்சா பரவாயில்ல. தைலம் குடிக்கிற தண்ணிக்கு அளவே இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானமும் வந்துச்சு. நான் குடத்தோட கொல்லைக்குள்ள நுழையுறேன், கொட்டகையில சீட்டைக் கலைச்சுக்கிட்டு இருந்த கோட்டைச்சாமி எந்திரிச்சு நின்னுட்டான்.

"ஏலே நல்லமுத்து, என்னலே இது?"

"இந்தா வாரேன்லே, சீட்டைப் போடு."

"நீ வார வரைக்கும் உன் கையை நான் ஆடவா?"

ஆடினான். நான் நடந்தேன். என் கொட்டகையில, என் பாயில, என் சீட்டை இன்னொருத்தன் ஆடுறான். நான் தண்ணி சொட்டச் சொட்டப் போறேன், வாரேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

சத்தியத்தை விட்டுறலாம்தான். ஊரே பாத்த சத்தியமாச்சே! அதனால கமுக்கமா ஒரு சோப்புக்கட்டி வாங்கிக் குளியலறை ஓட்டுச் சந்துல செருகி வெச்சேன். அடுத்த நாள் தடவிப் பாத்தா சோப்பைக் காணோம்.

"ஏங்க," கோகிலம் கண்ணை அகல விரிச்சுக்கிட்டு வந்தா. "நம்ம வீட்டுக்குள்ள எந்தப் படுபாவியோ சோப்பைக் கொண்டாந்து ஒளிச்சு வெச்சிருக்கான்! உங்க சத்தியத்தைக் கெடுக்கணும்னே செஞ்ச வேலைங்க. நான் விடுவேனா? எடுத்து ராக்கம்மாளுக்குக் குடுத்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணினே."

"தெரு பூராவும் சொல்லிட்டேங்க. உங்க பேருக்கு ஒண்ணு ஆகவிட மாட்டேன்."

அதுக்கு மேல எந்த ஆம்பளையால நிக்க முடியும்? தோள் காய்ச்சுப் போச்சு. உடம்பு எரியுது. "கோகிலம், அந்த அடிபம்பு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"ஐயோ, கொட்டகை என்ன ஆகும்?"

"போனாப் போகட்டும்."

"உங்க சேக்காளிக?"

"அவுகளும் போகட்டும்."

"நான் கேக்கலைங்க. நீங்களாத்தான் சொல்றீக."

"ஆமா தாயி, நானாத்தான் சொல்றேன்!"

பம்பு போடுற ஆளுக மறுநாள் விடியவுமே வந்து நின்னாக. எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தாகன்னு கேக்க எனக்குத் தெம்பில்ல. கொட்டகை சரிஞ்சப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். உக்கிரபாண்டி பொய் சொல்லல, தண்ணி குபுகுபுன்னு வந்துச்சு. அன்னைக்கே குளியலறையில புதுச் சோப்புக்கட்டி உக்காந்திருந்துச்சு.

"கோகிலம், சத்தியம்?"

"சத்தியம் பண்ணினது நீங்கதானே? எனக்கு எதுக்கு? நீங்க தைலமே தேய்ச்சுக்கோங்க."

புதுப் பம்பைப் பாக்கக் காரியாபட்டியில இருந்து கோகிலத்தோட அக்காவும் சகலை தனுஷ்கோடியும் பஸ்ஸுல வந்து இறங்கினாக. நாங்க ரெண்டு பேரும் பம்புக்குப் பக்கத்துல நின்னோம். காத்து என் பக்கமிருந்து அடிச்சா அவருக்கு எலுமிச்சம்புல் வாடை. அவரு பக்கமிருந்து அடிச்சா எனக்கு.

"சகலை," மெதுவாக் கேட்டாரு. "நீங்களும் அந்தத் தாடிக்காரர் கூட்டத்துக்குப் போனீகளோ?"

"போனேன் சகலை."

"கையைத் தூக்குனீகளோ?"

"தூக்கினேன்."

"எனக்குச் சாவல் கூண்டு இருந்த இடத்துல பம்பு."

"உங்க வீட்டுல நீரோட்டம் பாத்தது யாரு?"

"உக்கிரபாண்டி. கொல்லை பூரா சும்மா கிடந்த தேங்காய், சாவல் கூண்டுகிட்ட வந்ததும் எந்திரிச்சு நின்னுருச்சு."

ரெண்டு பேரும் பம்பையே பாத்துக்கிட்டு நின்னோம். கூட்டத்துக்குப் போகச் சொன்னது யாருன்னு அவரும் கேக்கல, நானும் கேக்கல. அடுப்படியில அக்காளும் தங்கச்சியும் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டுக் கோகிலம் வெளிய வந்தா.

"ஏங்க, மிச்சத் தைலத்தைக் கொட்டிறாதீக. பாளையம்பட்டியில என் சின்னத் தங்கச்சி வீட்டுக்கும் கிணறு தூரம்தான், அவ வீட்டுக்காரரு கொல்லையில புறாக்கூண்டு வெச்சிருக்காரு. வார வெள்ளிக்கிழமை அங்க கூட்டமாம். நீங்க ரெண்டு பேரும் முன்வரிசையில உக்காந்து முதல்ல கையைத் தூக்கிருங்க."