பச்சை அட்டைக் கதவு

அன்று காலை கதவுப் பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி, மேஸ்திரி, பாலிஷ்காரர், போனை எடுக்கிற அக்கா, வாசலில் கால் நீட்டிக்கொண்டு வேன்காரர். நடுவில், நேற்றுத்தான் முடிந்து, இன்று வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒரு கதவு.

"கண்ணாடியை எடுத்துடணுமாம். வெளிச்சமே வரக்கூடாதாம்," என்றார் போன் அக்கா.

"அவங்கதானே மேல கண்ணாடி கேட்டாங்க?" என்றார் மேஸ்திரி.

"கேட்டாங்க. இப்ப வேண்டாங்கறாங்க."

முதலாளி முகம் மலர்ந்தது. ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவர் பட்டறையைத் தலைகீழாக்கியிருந்தார். முன்பெல்லாம் ஒரே மாதிரிக் கதவுகளை அடுக்கி வைத்துவிட்டு ஆள் வரக் காத்திருப்பார்கள். இப்போது கேட்பவர் மனசு மாறினால் அன்றைக்கே மரமும் மாற வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பச்சை அட்டை. அதில் அளவும் தேவையும் மட்டும்தான். பெயர், விலாசமெல்லாம் போன் அக்காவுக்கும் வேன்காரருக்கும் மட்டுமே தெரியும். ஆளைப் பார்த்து வேலை செய்யக் கூடாது என்பது புதுச் சட்டம்.

"இந்தக் கதவு மட்டும் திரும்பி வந்துச்சுன்னா, நீங்க பழையபடி இழைப்பு மெஷினுக்குப் போயிடலாம் மேஸ்திரி. பாலிஷ்காரரை மேஸ்திரியாக்கிடறேன்," என்றார் முதலாளி.

பாலிஷ்காரர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

கண்ணாடியைப் பெயர்த்தார்கள். ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தார்கள். சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்குப் போய், செருப்பை உதறி, படுக்கையறை வாசல் திரையைச் சர்ரென்று விலக்கி, விளக்கைப் போட்டார். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. பகலில்தான் தூக்கம்.

"ஏம்மா, தூங்கறியா?"

"இப்ப இல்லைங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"ஒரு கிறுக்குக் கஸ்டமர் வந்து மாட்டியிருக்கு. கேளு கூத்தை."

மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவருடையது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விட்டுப்போனது எதுவும் இல்லாமல் சொன்னார். அவள் கேட்டாள். கேட்காமல் இருக்க அந்த வீட்டில் இடமில்லை.

மறுநாள் காலை போன் அக்கா வந்து நின்றார். "சத்தமும் வரக்கூடாதாம்."

கதவை இரட்டைப் பலகையாக்கி, நடுவே பஞ்சு திணித்து, சுற்றிலும் ரப்பர் ஒட்டினார்கள். கனம் தாங்காமல் கீல் பிய்ந்தது. பெரிய கீல் போட்டார்கள். கதவு மூட மறுத்தது. ஓரத்தை இழைத்தார்கள், ரப்பர் கிழிந்தது. மேஸ்திரியின் தலைமுடியெல்லாம் பஞ்சு.

"இழைப்பு மெஷினுக்கு இப்பவே எண்ணெய் போட்டு வைக்கட்டுமா அண்ணே?" என்று அன்பாக விசாரித்தார் பாலிஷ்காரர்.

"உன் வேலையைப் பாருய்யா!"

அன்று மாலை மனைவி எழவில்லை. மேஸ்திரி தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பித்தான் பஞ்சுக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

காலையில் அட்டையில் புது வரி ஏறியது. வெளிப்பக்கம் கைப்பிடியே வேண்டாம். உள்ளேயிருந்துதான் பூட்டணும், உள்ளேயிருந்துதான் திறக்கணும்.

"உள்ள தங்கம் வச்சிருக்காங்களோ?" என்றார் பாலிஷ்காரர்.

"தங்கமும் இல்ல, தகரமும் இல்ல. அந்த வீட்ல எவனோ ஒரு இம்சை இருக்கான்யா. அவன்கிட்டேர்ந்து தப்பிக்கத்தான் இவ்வளவும். அவனோட எப்படித்தான் காலம் தள்றாங்களோ, பாவம்!" என்றார் மேஸ்திரி.

போன் அக்கா குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினார்.

கதவைச் சாமான் அறையில் மாட்டி, சோதித்துப் பார்க்க முதலாளியே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார். பிறகு வெளியே வரவில்லை. தட்டினார்கள். கத்தினார்கள். பாலிஷ்காரர் சுத்தியலால் இடித்தார். வெளியே கைப்பிடி கிடையாது. உடைத்தால் மேஸ்திரியின் வேலை போகும். உடைக்காவிட்டால் முதலாளியே போய்விடுவாரோ என்று பயம்.

மேஸ்திரி கோடரியைத் தேடி எடுத்து ஓங்கிய நேரத்தில் கதவு திறந்தது. முதலாளி நின்றார். கன்னத்தில் சாக்குப்பையின் வரிகள் பதிந்திருந்தன.

"யாராவது கூப்பிட்டீங்களா? அசந்துட்டேன்யா. கல்யாணத்துக்கு முன்னாடி தூங்கினது இப்படி!"

இதைக் கேட்டு மேஸ்திரியின் மனைவி அன்று மாலை எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்தக் கதவு நல்லா வேலை செய்யுதுங்களா?"

"நான் செஞ்சது செய்யாம இருக்குமா? கஸ்டமர் என்ன கேட்டாலும் அன்னிக்கே மாத்திடுவேன். வாயைத் திறந்தா போதும்."

"ம்," என்றாள் அவள்.

மறுநாள் காலை வந்த கடைசி மாற்றம் சின்னது. காற்றுக்கு ஒரு வழி. கீழே, ஒரு தம்ளர் நுழையும் அளவுக்கு ஒரு குட்டிக் கதவு.

மத்தியானத்துக்குள் அதையும் முடித்து, கதவை வேனில் ஏற்றி, கொண்டுபோய் மாட்ட மேஸ்திரியே கிளம்பினார். அந்த இம்சை பிடித்தவனின் முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

வேன் திரும்பியது. தெரிந்த தெரு. தெரிந்த மளிகைக்கடை. தெரிந்த வாசல். நின்றது.

"இங்க ஏம்பா நிறுத்தற? நான் வீட்டுக்குப் போக இன்னும் நேரம் இருக்கு. முதல்ல கஸ்டமர் வீட்டுக்கு விடு."

வேன்காரர் இஞ்சினை அணைத்தார்.

"கஸ்டமர் வீடு இதான் மேஸ்திரி. அந்த இம்சையையும் ஏத்திட்டு வந்துட்டேன். இறங்குங்க."

வாசலில் மனைவி தலையணையோடு நின்றாள்.

மேஸ்திரி படுக்கையறைத் திரையைக் கழற்றிவிட்டுக் கதவை மாட்டினார். அளவு அச்சாகப் பொருந்தியது. அவள் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. திருப்பி அனுப்ப மாட்டேன்," என்றாள். "ஆறு மணிக்கு டீயை அந்தக் குட்டிக் கதவு வழியா வச்சிடுங்க. கதையை நாளைக்குக் கேக்கறேன்."

"அதில்லம்மா, இந்தக் கீல் இருக்கு பாரு, அது..."

கதவு சாத்திக்கொண்டது. மேஸ்திரி தள்ளிப் பார்த்தார். பூட்டியிருந்தது. பூட்டிய சத்தம்கூட வெளியே கேட்கவில்லை.