கட்டையனுக்கு ரியூசன் கொடுத்த வெடி அக்கா

வெடி அக்காவைவிட உரத்த குரல் உள்ள ஒரு மனிதப் பிறவி சுவிட்சர்லாந்தில் இதுவரை கால் வைத்ததில்லை. மலை உச்சியில் நின்று ஊதுகிறார்களே ஒரு நீளக் கொம்பு, அதுகூட அக்காவோடு போட்டிக்கு வந்தால் இரண்டாம் இடத்தோடு திரும்பிப் போகவேண்டியதுதான். சும்மா சொல்லவில்லை. பதினொரு வருஷம் அவரோடு ஒரே ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தவன் சொல்கிறேன். என் இடது காது சாட்சி.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. வதிவிடப் பெர்மிட்டில் இருந்திருக்கும். பேர்ண் பக்கத்துத் தமிழருக்கு அவர் வெடி அக்கா; எனக்கு வெறும் அக்கா. ஓஸ்டர்முண்டிகனில் ஒரே கட்டடத்தில் இருந்தோம், அவர் மூன்றாம் மாடி, நான் முதலாம் மாடி. ஒருநாள் வீட்டு நிர்வாகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது: ‘தயவுசெய்து வானொலியின் ஒலியைக் குறைக்கவும்.’ அக்கா வீட்டில் வானொலியே கிடையாது. அவர் போன் எடுத்து நிர்வாகத்துக்கு விளக்கம் சொன்னார். அதன்பிறகு கடிதம் எதுவும் வரவில்லை.

பஸ்ஸில் போனில் கதைக்கும்போது மறுமுனையில் இருப்பவர் சொல்வதற்கெல்லாம் “ஓம்... ஓம்... ஓம்...” என்று ஆமோதித்துக்கொண்டே வருவார். பல மாதம் அதே பஸ்ஸில் வந்த ஒரு சுவிஸ் அம்மா ஒருநாள் என் தோளைத் தட்டி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “உங்கள் தோழி எந்த யோகா நிலையத்தில் படிப்பிக்கிறார்?”

இப்படிப்பட்ட அக்காவுக்குச் சீனி வருத்தம் வந்தது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, தினமும் நடக்கவேண்டும் என்றார் டாக்டர். தனியே நடந்தால் யாரோடு கதைப்பது? வேலை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார்.

எங்கள் கட்டட வரிசை முடிகிற இடத்தில் வயல்கள் தொடங்கும். அங்கே ஒரு குதிரை லாயம். வேலிக்கு மேலாலே ஒரு தலை நீண்டிருந்தது. மற்றக் குதிரைகளைப்போல ஒடிசலான ஆள் இல்லை. குட்டையான உருவம், பீப்பாய் மாதிரி வயிறு, பலகை மாதிரி நெஞ்சு, குளம்பை மூடிக் கிடக்கும் சடை மயிர். நான் வேலியோரம் ஒதுங்கி நடந்த ஒரு கணத்தில் என் தோள்பையிலிருந்த கடலைப் பொட்டலம் அதன் வாய்க்குள் போய்விட்டது.

“டேய்! களவெடுக்கிறியோ?” என்று கத்தினார் அக்கா.

மேய்ந்துகொண்டிருந்த நாலு குதிரைகளும் வயலின் அடுத்த கரைக்கு ஓடின. தூரத்தில் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நின்றுவிட்டார். இவன் மட்டும் அசையவில்லை. காதிரண்டையும் முன்னுக்கு நிமிர்த்தி, ஓரடி கிட்ட வந்து, அக்காவின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஒரு கனைப்புக் கனைத்தான் பாருங்கள்! லாயத்துத் தகரக் கூரை அதிர்ந்தது.

நான் பயத்தில் இரண்டு கஜம் பின்னால் நின்றேன். அக்காவின் முகமோ மலர்ந்துவிட்டது. “பாத்தியே தம்பி? இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷத்தில முதல் தரமா ஒருத்தன் எனக்கு ஒழுங்காப் பதில் சொல்லியிருக்கிறான்!”

கனைப்புக் கேட்டு ஊன்றுகோலோடு வந்தவர் உர்சுலா, லாயத்துக்குச் சொந்தக்காரி, எழுபது வயது. இவன் வெல்ஷ் கொப் என்ற இனம் என்றார். வேல்ஸ் நாட்டு மலைப்பக்கத்தில் வண்டி இழுக்கவும், உழவும், கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறுகளில், குடும்பத்தைக் கோயிலுக்குக் கூட்டிப் போகவும் வளர்த்த சாதி. பதிவுக் கடிதாசியில் இவனுக்கிருந்த வேல்ஸ் பெயரை உர்சுலாவாலேயே வாசிக்க முடியவில்லை. அக்கா அந்த இடத்திலேயே ‘கட்டையன்’ என்று பெயர் வைத்தார்.

“பொல்லாதவனோ?” என்று கேட்டேன்.

“இல்லை. மூளை உள்ளவன், வேலை இல்லாமல் நிற்கிறான்” என்றார் உர்சுலா.

“ஐயோ, எங்கட ஆக்களிலயும் அப்பிடிக் கனபேர் இருக்கினம்” என்றார் அக்கா.

அன்றிலிருந்து எங்கள் நடை லாயத்தோடு நின்றுவிட்டது. கட்டையனின் குணத்தை நான் அங்குலம் அங்குலமாகக் கற்றேன். உதட்டாலே தாழ்ப்பாளைத் திறப்பான். ஒருநாள் தன் கதவைத் திறந்து, பிறகு மற்ற நாலு கதவையும் திறந்து, எல்லாக் குதிரைகளையும் வயலுக்கு அனுப்பிவிட்டு, அவர்களுடைய தீனியை ஒவ்வொரு தொட்டியாகக் காலி பண்ணிவிட்டு, நாங்கள் போனபோது தன் இடத்துக்குள் சாது மாதிரி நின்றுகொண்டிருந்தான். தாடையில் மட்டும் ஓட்ஸ் ஒட்டியிருந்தது.

கயிற்றைப் பிடித்து நான் இழுத்தால் நாலு காலையும் நிலத்தில் நட்டுவிடுவான். ஒருமுறை அரை மணித்தியாலம் இழுத்தேன். நான்தான் அவன் பக்கமாக நகர்ந்திருந்தேன். “இழுக்காதே, கேள்” என்றார் உர்சுலா. அக்கா கயிற்றை வாங்கி, தளர்வாகப் பிடித்து, “ராசா, வாறியோ?” என்றார். அவன் துள்ளல் நடையில் முழங்காலை நெஞ்சுவரை தூக்கிப் போனான், ஊர்வலத்தில் முதலில் போகிற ஆள் மாதிரி. சலவைப் பகுதி மேலாளர் இந்த இரகசியத்தைத் தெரிந்துகொள்ளப் பத்து வருஷம் எடுத்தது. ‘இந்த வண்டிலை மேலே கொண்டு போ’ என்றால் அக்கா அசையமாட்டார். ‘கொண்டுபோக முடியுமா?’ என்று கேட்டால் ஆஸ்பத்திரியையே தள்ளிக்கொண்டு போவார்.

ஒருநாள் உர்சுலா அழுதுகொண்டிருந்தார். கட்டையனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம்: குடை. போன வருஷம் மழையில் யாரோ குடையை விரிக்க, அவன் வண்டியோடு பாய்ந்ததில்தான் உர்சுலாவின் இடுப்பெலும்பு உடைந்தது. இனி அவரால் இவனைப் பார்த்துக்கொள்ள முடியாது. அடுத்த ஊரில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று இருந்தது. அகன்ற முதுகுள்ள குட்டைக் குதிரை ஒன்றை அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கட்டையன் அமைதிப் பரீட்சையில் பாஸ் பண்ணவேண்டும். பயங்காட்டுகிற சாமான்களுக்கு நடுவே பதறாமல் நடக்கிறானா என்று பார்ப்பார்களாம். ஆறு கிழமைதான் இருந்தது. தவறினால் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு வியாபாரி வந்து கொண்டுபோவார். எங்கே போவான் என்று கேட்டேன். “அவர் கிலோ கணக்கில்தான் வாங்குவார்” என்றார் உர்சுலா.

“பரீட்சைதானே?” என்றார் அக்கா. “நான் ரியூசன் குடுக்கிறன்.”

அடுத்த நாள் நான் சுமந்துபோன சாமான்கள்: காஸ் அடுப்பு ஒன்று, பிரஷர் குக்கர் ஒன்று, ஊறவைத்த கடலை, மூன்று பட்டுச் சேலை, எவர்சில்வர் தட்டங்கள் பத்து, குடை ஒன்று.

குக்கர் முதல் விசில் அடித்தபோது கட்டையன் ஆகாயத்துக்குக் கிளம்பினான். இரண்டாவது விசிலுக்குக் காதை மட்டும் அசைத்தான். மூன்றாவது விசிலுக்கு, கடலை அவிந்துவிட்டதா என்று பார்க்கக் கிட்ட வந்தான். தட்டங்களைச் சீமெந்துத் தரையில் போட்டோம், கொட்டாவி விட்டான். வேலியில் கட்டிய கூறைச்சேலை காற்றில் படபடக்க, அதற்கடியால் புகுந்து போனான். போகிற வழியில் முந்தானையைக் கொஞ்சம் சாப்பிட்டும் பார்த்தான்.

குடைதான் சிக்கல். வெய்யில் எரிக்கும் வயலில் நின்று நான் குடையை விரித்துச் சுருக்கி, விரித்துச் சுருக்கி, ஒரு நாளைக்கு நூறு தரம். அவ்வழியே போன சுவிஸ்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ஐந்தாவது கிழமைதான் விஷயம் பிடிபட்டது. அக்கா பக்கத்தில் நின்று உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தால் கட்டையன் குடையைச் சட்டை பண்ணமாட்டான். கறிக்கு என்ன போட்டார், மேலாளர் என்ன சொன்னார், எதுவானாலும் சரி. அக்கா வாயை மூடினால் உடனே பதறுவான். இந்த அம்மா மௌனமாகிற அளவுக்கு ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ.

“பிறகென்ன? எனக்குக் கதைக்கவோ சொல்லித்தரோணும்?” என்று சிரித்தார் அக்கா.

பரீட்சையன்று காலை என் கதவு மணி அடித்தது. வாசலில் அக்கா, கழுத்தில் கம்பளித் துண்டோடு. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். காற்று மட்டும் வந்தது. முந்தின நாளே மூக்கொழுகும் இலேசான தடிமன். அது இரவோடிரவாகத் தொண்டையை அடைத்துவிட்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் உரத்த குரல், தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில், போய்விட்டது!

மல்லித்தண்ணி, தேன், உப்புத்தண்ணிக் கொப்பளிப்பு எல்லாம் பார்த்தோம். பலனில்லை. கண்ணாலேயே “வா” என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்.

பரீட்சைத் திடலில் நீலத் தார்ப்பாய், பலூன் கட்டிய வளைவு, காலித் தகர டின்கள் நிறைந்த சாக்கு, கடைசியில் குடையோடு ஒரு பெண். நடுவில் தொப்பி வைத்த பரிசோதகர், கையில் மட்டையில் செருகிய தாள். அக்கா கயிற்றைப் பிடித்து உள்ளே போனார். கட்டையன் இரண்டடி வைத்தான். நின்றான். அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அக்காவின் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. அவன் மூக்குத் துவாரம் விரிந்தது, கண் வெள்ளை தெரிந்தது, கழுத்து நடுங்கத் தொடங்கியது. வேலியோரம் ஊன்றுகோலோடு நின்ற உர்சுலா கண்ணை மூடிக்கொண்டார்.

நான் இந்த நாட்டில் மெதுவாகக் கதைத்தே பழகியவன். கடையில் என்னிடம் மூன்று தரம் “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்பார்கள். எனக்குள் எது புகுந்ததோ தெரியாது. பரிசோதகரிடம் ஓடி, “நான் வெளியில் நின்று கதைக்கலாமா?” என்று கேட்டேன். அவர் விதித்தாளை முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். அனுமதி என்றும் இல்லை, தடை என்றும் இல்லை. இப்படியொரு நிலைமையை அவர் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. அவர் யோசித்து முடிக்குமுன் நான் வேலியில் ஏறி நின்று தொடங்கிவிட்டேன்.

என்ன கத்துவது? வாயில் வந்ததைக் கத்தினேன். பதினொரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

“அக்கா! போன மாசம் என்ர பெட்டியில இருந்த மீன் பொரியலை எடுத்தது நீங்கள்தான்! நான் கண்டனான்!”

கட்டையனின் காதுகள் என் பக்கம் திரும்பின. ஓரடி வைத்தான்.

“ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்கள் லீவு எடுப்பியள், நான் ரெண்டு பேரின்ர வேலையும் செய்வன்! ஒரு தரமாவது கேட்டியளோ?”

தார்ப்பாயின்மேல் ஏறி நடந்தான். அக்கா என்னை நோக்கித் திரும்பி வாயைத் திறந்து திறந்து மூடினார். பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. ஒரு சொல் வரவில்லை. சுட்டுவிரலை மட்டும் ஆட்டினார், ‘வெளியில வா, காட்டுறன்’ என்பதுபோல.

“நான் குண்டு எண்டு ஊர் முழுக்கச் சொன்னது ஆர்? நீங்கள் மெலிவோ?”

பலூன் வளைவு தாண்டினான். தகர டின் சாக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கலியாண வீட்டு மேளத்துக்கு நடக்கிறவன்போல முழங்காலை உயர்த்திப் போனான். உர்சுலா கண்ணைத் திறந்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்து, தொண்டை கிழிந்து, வாழ்க்கையில் இல்லாத உற்சாகம்!

குடைக்காரப் பெண் குடையை விரித்தாள். கட்டையன் நின்றான். முழு உடம்பும் விறைத்தது. நான் அடுத்த குற்றச்சாட்டைத் தேடினேன். இல்லை, முடிந்துவிட்டது. பதினொரு வருஷத்து மனக்குறை அவ்வளவுதான். அக்கா கயிற்றை இழுக்காமல், தளர்வாகப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அக்கா!” என்று கத்தினேன். “நீங்கள் இல்லாட்டி அந்தச் சலவை அறையில நான் ஒரு மாசம்கூட நிண்டிருக்க மாட்டன்! சொல்லிப்போட்டன்!”

கட்டையன் நீளமாக ஒரு மூச்சு விட்டு, தலையைத் தாழ்த்தி, குடைக்கு அடியால் நடந்து போனான். தடுமாறியது அக்காதான். தன் கால் தன்னையே தட்டி, குதிரையின் கழுத்தைப் பிடித்துச் சமாளித்தார்.

பரிசோதகர் பாஸ் போட்டார். கையெழுத்து வைப்பதற்குள் தாளின் ஒரு மூலையைக் கட்டையன் தின்றுவிட்டான். மிச்சத்தில் எழுதியிருந்தது: ‘குதிரை மிக அமைதியானது. கூட வந்தவர்களைப்பற்றி அப்படிச் சொல்ல முடியாது.’

நிலையத்து ஆட்கள் அன்றே அவனை வண்டியில் ஏற்றினார்கள். அதற்குமுன் அக்கா அவன் கழுத்து மயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தோள்கள் குலுங்கின. அந்த அழுகைக்கும் அன்று சத்தம் இல்லை. அவன் அசையாமல் நின்றான், கடலை எதையும் தேடாமல்.

நான் இப்போது அக்காவைவிட்டுத் தள்ளி, பாடன் நகரில் இருக்கிறேன். அமைதியான தெரு. கட்டையன் முதுகில் பிள்ளைகள் சிரிக்கிற படங்களை உர்சுலா அவ்வப்போது அனுப்புவார். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், அன்று பின்னேரம் நாங்கள் திரும்பி வந்த பஸ்தான் எனக்கு ஞாபகம் வரும். அக்கா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். எங்கள் நிறுத்தம் வந்தது, நான் எழுப்பவில்லை. அதற்கடுத்த நிறுத்தத்திலும் எழுப்ப மனம் வரவில்லை.