லேமினேட் செய்த கூலி

எங்கள் ஊரில் குரங்குகள் அதிகம், சாமியார்கள் அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். இந்த இரண்டையும் கூட்டினாலும் எண்ணிக்கையில் நெருங்க முடியாத ஓர் இனம் திருவண்ணாமலையில் உண்டு. பஸ் ஸ்டாண்டிலும் இருக்கும், பள்ளிக்கூட வாசலிலும் இருக்கும், நாற்சந்தியில் காய்கறி பேரம் பேசிக்கொண்டும் நிற்கும். அதற்குப் பெயர் பழைய ரேட்காரர்.

அடையாளம் காண்பது சுலபம். பணம் வாங்கும்போது இவர் நாளைக்கு மறுநாளில் வாழ்கிறவர். கொடுக்கும்போது மட்டும் ஆறு வருடம் பின்னால் போய் நின்றுகொள்வார். அங்கிருந்து அவரை இழுத்து வர ஜேசிபி வேண்டும்.

உங்களுக்கு ஒரு மாதிரி வேண்டுமே? எங்கள் பக்கத்து வீட்டுக் கோதண்டராமன் சார் இருக்கிறார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் மாடி வீடு. ஓர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அங்கே என்னுடைய ஃபைல் ஒன்று இன்னும் நகராமல் கிடக்கிறது.

அகவிலைப்படி ஏறப்போகிறது என்றால், டெல்லியில் பேனா மூடியைத் திறப்பதற்கு முன்பே இங்கே கோதண்டராமன் சாருக்கு உள்ளங்கை அரிக்கும். எத்தனை சதவீதம், எந்த மாதத்திலிருந்து, அரியர்ஸ் எத்தனை மாதத்துக்கு என்று அவர் சொன்னால் சொன்னதுதான். கிரிவலம் போனால் ஏழு லிங்கங்களுக்கு நடந்தபடியே ஒரு கும்பிடு. குபேர லிங்கத்தில் மட்டும் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். நிலுவைத் தொகை விஷயமாக அவர் சாமியிடம் பேசிய பேச்சைக் கேட்ட அர்ச்சகர் ஒரு நாள், "எழுத்து மூலமா குடுத்துடுங்க சார், மேலிடத்துக்கு அனுப்பிடறேன்" என்றாராம்.

வாடகைக்கு விடும் அறைகளிலும் இதே சுறுசுறுப்புதான். சாதாரண நாளுக்கு ஒரு வாடகை, பௌர்ணமிக்கு ஒன்று, டிசம்பரில் வெள்ளைக்காரர்கள் வரும்போது ஒன்று, தீபத்துக்கு ஒன்று. தீபத்தன்று கேட்டருகில் ஒரு வாடகை சொல்வார். விருந்தாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுப் படி ஏறி முடிப்பதற்குள் அது இரண்டு முறை ஏறியிருக்கும். ஒரு தடவை ஒரு பெங்களூர்க்காரர் நடுப்படியில் மூச்சு வாங்க நின்றதற்குத் தாமதக் கட்டணம் கேட்டார் என்பார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

இப்படிப்பட்டவர் கொத்தனாருக்கோ பிளம்பருக்கோ கூலி கொடுக்க வேண்டிய நேரம் வந்தால் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? பீரோவைத் திறப்பார். பணம் எடுக்க அல்ல, அட்டை எடுக்க.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசாங்கம் தன் கட்டட வேலைகளுக்காக, இன்ன வேலைக்காரருக்கு இவ்வளவு தினக்கூலி என்று ஒரு பட்டியல் போடுகிறதல்லவா, அதன் ஒரு பக்கம். ஆறு வருடத்துக்கு முந்தையது. அரசாங்கம் அந்தப் பட்டியலை அவ்வப்போது திருத்துகிறது. ஏதோ அதுவும் மனிதர்கள் நடத்துவதுதானே, அரிசி விலை அதற்கும் எட்டுகிறது. கோதண்டராமன் சார் திருத்த விடவில்லை. லேமினேட் செய்துவிட்டார்.

"புதுசு வந்துடுச்சாமே சார்?" என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன்.

"வரும், போகும். ஆதாரம்னு ஒண்ணு வேணும்லம்மா?" என்றார், அட்டையைத் துண்டால் துடைத்தபடி.

அந்த அட்டையின் சக்தி சாதாரணமானதல்ல. எலக்ட்ரீசியன் பிரகாஷ் ஒருநாள் ஃபேன் மாட்ட வந்தான். அட்டையைக் காட்டியதும் ஒயரைத் தொடாமலே ஷாக் அடித்து இறங்கிப் போனான். மழை வந்தால் சார் அதைத்தான் தலைக்குப் பிடித்துக்கொள்வார். அவர்மேல் மட்டும் மழை ஆறு வருடத்துக்கு முந்தைய அளவில் பெய்வதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கார்த்திகைக்கு முன் சார் மாடியில் புது அறை ஒன்று கட்டினார். சுவர் ஆயிற்று, பெயின்ட் ஆயிற்று. குளியலறைக்கு டைல்ஸ் போடுவது மட்டும் பாக்கி. தீபத்துக்கு ஒரு ஜெர்மன் அம்மாள் வந்து இரண்டு மாதம் தங்குவதாக முன்பணம் அனுப்பிவிட்டார். அது அந்த வருடத்துப் புது ரேட் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டைல்ஸ் போட வந்தவள் அன்புச்செல்வி. கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். கட்டட வேலைக்கு வந்து பதினோரு வருடம். முதல் நாலு வருடம் தலையில் கலவைச் சட்டி. அப்புறம் ஏழு வருடமாக, புடவைமேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ரப்பர் சுத்தியும் ரசமட்டமுமாக டைல்ஸ் வேலை. அவள் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் அது யோசிக்காமல் தண்ணீர் போகும் ஓட்டைக்குப் போய்ச் சேரும். அந்தச் சரிவுக்கு அவர்கள் பாஷையில் வாட்டம் என்று பெயர். இவ்வளவு இருந்தும், போகிற இடத்திலெல்லாம் சம்பள நோட்டில் அவள் பெயருக்கு எதிரே எழுதுவது ஒரே வார்த்தை: சித்தாள். கூலியும் அதற்குத் தகுந்தபடி.

அந்த வருடம் வந்த புதுப் பட்டியலில் டைல்ஸ் பதிப்பவர்களைத் தேர்ச்சி பெற்ற தொழிலாளர்களோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். அன்புச்செல்வி அதைப் போனில் வைத்திருந்தாள்.

"சார், புது லிஸ்ட்டு பாத்தீங்களா? டைல்ஸ் போடுறவங்களத் தனியா எழுதியிருக்காங்க. ஸ்கில்டு. கொத்தனாருக்கு இன்னா கூலியோ அதே கூலி."

சார் பீரோவைத் திறந்தார். அட்டை வந்தது. அவர் விரல் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கியது. கொத்தனார். தச்சர். கம்பி கட்டுபவர். பெயின்டர்.

"டைல்ஸ்னு எங்கம்மா இருக்குது? இல்லவே இல்லியே!"

"அது பழசு சார்."

"பழசோ புதுசோ, சீல் இருக்குது பாரு. லிஸ்ட்ல இல்லாத ஆளுக்கு நான் எந்தக் கணக்குல குடுக்கிறது? பொம்பளைங்களுக்கு இதோ கடைசி வரி. சித்தாள்."

அன்புச்செல்வி அட்டையின் கடைசி வரியில் விரலை வைத்தாள். மதிலுக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டேன்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு வாட்டி படிங்க சார்."

"சித்தாள். கல், மணல், கலவை முதலியன சுமத்தல்."

"சரிங்க சார். லிஸ்ட்டுல இருக்கிறபடியே செஞ்சிடலாம்."

சாருக்குத் தலைகால் புரியவில்லை. மதிலோரம் வந்து, "பாத்தீங்களாம்மா? ஆதாரத்தக் காட்டினா மனுஷங்க கேட்டுக்கறாங்க" என்றார்.

மறுநாள் காலை வந்த அன்புச்செல்வி டைல்ஸ் பெட்டிகளை எல்லாம் பதினெட்டுப் படி ஏற்றினாள். மணலை ஏற்றினாள். சிமென்ட் மூட்டைகளை ஏற்றினாள். குளியலறை வாசலில் எல்லாவற்றையும் பூஜைக்கு வைப்பதுபோல் வரிசையாக அடுக்கிவிட்டு, நாலு மணிக்குக் கை கால் கழுவிக்கொண்டாள்.

"முடிஞ்சுது சார்."

"இன்னாது முடிஞ்சுது? ஒரு கல்லுகூடப் பதிக்கல!"

"கல்லு சுமந்தாச்சு, மணலு சுமந்தாச்சு. டைல்ஸ் பதிக்க ஆளு வரட்டும், கலவ சுமந்து குடுக்கறேன்."

"நீதானே அந்த ஆளு?"

"நான் லிஸ்ட்லயே இல்லியே சார்."

சித்தாள் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த பத்து நாள் கோதண்டராமன் சார் ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றியதைக் கூட்டிப் பார்த்தால் மலையை முப்பது தடவை சுற்றிய புண்ணியம் தேறும். தீபத்துக்கு முன் எந்த டைல்ஸ் ஆள் சும்மா இருப்பான்? லாட்ஜுக்கு லாட்ஜ் வேலை. ஒருவன் புதுப் பட்டியலைவிடவே ஜாஸ்தி கேட்டான். இன்னொருவன் அட்டையைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, "நல்ல லேமினேஷன் சார், எங்க போட்டீங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனான்.

கடைசியில் சடையன் அகப்பட்டார். பழைய ரேட்டுக்கே ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர், செங்கல் சுவர் கட்டுவதில் கெட்டிக்காரர். டைல்ஸ் அவர் தொட்டதில்லை. தரையையும் சுவர் என்று நினைத்தே கட்டினார். முதல் வாளித் தண்ணீரைச் சார் தம் கையாலேயே ஊற்றினார். தண்ணீர் ஓட்டைப் பக்கம் எட்டிப் பார்த்தது. பிடிக்கவில்லை. திரும்பியது. குளியலறையை விட்டு வெளியே வந்து, கட்டிலை முறைப்படி ஒரு கிரிவலம் வந்து, படிக்கட்டில் இறங்கி, கீழே சாரின் பூஜை அறையில் போய் நின்றது.

ஜெர்மன் அம்மாள் வர ஒன்பது நாள் இருந்தது.

போன் போட்டார். அன்புச்செல்வி வந்தாள். படிக்கட்டில் கால் வைக்காமல் கீழேயே நின்றாள்.

"புது லிஸ்ட் ரேட்டே தரேம்மா. அதுக்குமேல ஜாஸ்தி கேக்காத."

"ஒரு ரூபா ஜாஸ்தி வாணாம் சார். ஆனா ஒரு காயிதம் வேணும்."

"இன்னா காயிதம்?"

"அன்புச்செல்வி, டைல்ஸ் பதிக்கறவங்க, ஸ்கில்டு, என் வீட்ல வேலை செஞ்சாங்கன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் எங்க போனாலும் 'இதுக்கு முன்னாடி உனக்கு எவன் கொத்தனார் கூலி குடுத்தான்'னு கேக்கறாங்க. இன்னிமே காட்டுவேன் இல்ல?"

"அதெல்லாம் எழுத்துல எதுக்கு? நான் வாயால சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"ஆதாரம்னு ஒண்ணு வேணும்ல சார்?"

கூலியை ஏற்றிக் கொடுக்க அவர் மனம் அரை நாளில் இறங்கிவிட்டது. இந்தக் காகிதம்தான் இரண்டு நாள் பிடித்தது. ஏன் என்கிறீர்களா? பணம் கொடுத்தால் போய்விடும். எழுதிக் கொடுத்தால் நின்றுவிடுமே! முப்பத்து நான்கு வருடம் யார் யாருக்கோ கையெழுத்துப் போட்ட பேனா 'ஸ்கில்டு' என்ற இடத்துக்கு வந்ததும் சண்டி மாடு மாதிரி உட்கார்ந்துகொண்டது. 'உதவியாளர்' என்று எழுதிப் பார்த்தார்.

"அது வேற ஆளு சார்" என்று திருப்பிக் கொடுத்தாள். 'பணிப்பெண்' என்று எழுதினார். அதையும் திருப்பிக் கொடுத்தாள். ஜெர்மன் அம்மாள் டெல்லிக்கு வந்து இறங்கிவிட்டதாக மெசேஜ் வந்த பிறகுதான் பேனா எழுந்து நடந்தது.

அவள் தரையைப் பெயர்த்து எடுத்து ஆறு நாளில் புதிதாகப் பதித்தாள். ஒரு வாளி ஊற்றினார்கள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பும் குமாஸ்தாவைப் போல, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல், தண்ணீர் நேராக ஓட்டைக்குள் போயிற்று. அன்றைக்கே அவள் அந்தக் காகிதத்தைப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் லேமினேட் செய்துகொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

கோதண்டராமன் சார் திருந்திவிட்டாரா? நல்ல கேள்வி. போன வாரம் பெயின்டர் வந்தபோது பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. "டைல்ஸ் மட்டும்தாம்மா விதிவிலக்கு" என்று என்னிடம் விளக்கம் வேறு.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பாஞ்சாலைக்குக் கை கால் ஆட்டிச் சொன்னேன். தண்ணீர் கிரிவலம் போன இடத்தில் எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. பாஞ்சாலை குழாயை மூடினாள். சிரிக்கவில்லை.

"ஏம்மா, நான் ஒண்ணு கேக்கவா? நீங்க எனக்குக் குடுக்கறது எந்த வருஷத்து லிஸ்ட்டு?"

எனக்கு உடனே அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிட்டது. அடுப்பில் பால் எதுவும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் பேசிய சம்பளம். அதற்கப்புறம், நானும் வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் அறைக்கு மூன்று முறை வாடகை ஏற்றியிருக்கிறேன். என்னிடம் அட்டைகூடக் கிடையாது பாருங்கள். ஞாபகசக்தியிலேயே லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

நாளைக் காலை அவள் வருவதற்குள் ஏதாவது ஒரு பதிலைக் கண்டுபிடித்தாக வேண்டும். இதுவரை படித்து, கோதண்டராமனை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நீங்கள் எனக்கு ஒரு யோசனை சொல்லலாம். அதற்கு முன்னால், உங்கள் வீட்டு வாசலில் காலிங்பெல் அடிக்கிற மாதிரி இருக்கிறது. இஸ்திரிக்காரராக இருக்கும். போய்க் கதவைத் திறங்கள், பீரோவைத் திறக்காதீர்கள்.