மூன்று நாள் நோட்டரி

நான் மூன்று நாள் நோட்டரியாக இருந்தேன். சட்டம் படித்ததில்லை. எட்டாவதுகூட முடிக்கவில்லை.

கணபதி ஏரியாவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி. "ஏனுங்க, இங்க நோட்டரி எங்கீங்க இருக்காங்க?" எதிர்க்கட்டடத்து வக்கீலம்மாவைக் கைகாட்டுவேன். அவர் பேப்பரைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், சீல் வைப்பார். அவ்வளவுதான். என்னிடம் எது இல்லை என்று யோசித்தேன். சீல் மட்டும்தான் இல்லை. (புத்தியும் இல்லை. அது அப்போது தெரியவில்லை.)

சீல் செய்கிறவர் கேட்டார். "நீங்க வக்கீலுங்களா?"

"ஆவப் போறேனுங்க."

உருண்டையான சீல். நடுவில் என் பெயர். நல்ல கனமான மரக் கைப்பிடி.

முதல் போணி என் மச்சான். வீட்டுக்காரியின் அண்ணன், துடியலூர்க்காரர். அவர் மகளுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி சீலோடு பேப்பர் கொடுத்தால்தான் பாஸ்போர்ட்.

"மாப்ள, நீங்களே நோட்டரி ஆயிட்டீங்களாமா?"

"ஆமாங்க மச்சான். குடுங்க."

போட்டேன். சாய்வாக விழுந்தது. பக்கத்தில் நேராக இன்னொன்று போட்டேன்.

மூன்றாம் நாள் வக்கீலம்மா ஜெராக்ஸ் எடுக்க வந்தார். சும்மா கேட்டேன்.

"நோட்டரி ஆகறதுக்கு என்னங்க பண்ணோணும்?"

"சட்டம் படிக்கோணும். பல வருசம் வக்கீலாத் தொழில் பண்ணோணும். அப்புறம் மனுப் போட்டா, அரசாங்கம் பார்த்து நியமிக்கோணும்."

"சீல் மட்டும் வாங்கிப்போட்டா?"

"உள்ள போகோணும். பேப்பர் குடுத்தவங்களும் மாட்டுவாங்க. ஏனுங்க?"

"சும்மாங்க."

மெஷினில் வெள்ளைத் தாளாக வந்துகொண்டிருந்தது. பேப்பரை உள்ளே வைக்கவே இல்லை.

மச்சான் போன் எடுக்கவில்லை. மொபெட்டை எடுத்தேன். துடியலூர் வரைக்கும் அந்தப் பிள்ளை முகம்தான் கண்ணில் நின்றது. வேலை போகும். பாஸ்போர்ட் போகும். என்னால்.

மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேப்பரக் குடுத்துட்டீங்களா?"

"ஏன் மாப்ள இப்பிடி வேர்க்குது? நேத்து கெளம்பினேன். அஷ்டமீன்னு உங்கக்கா உடல. இன்னைக்கு நவமி. நாளைக்குத்தான். சாமி படத்துக்கிட்ட இருக்குது."

இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, என் இரண்டு சீலுக்கும் குங்குமம் வைத்து. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னேன்.

மச்சான் சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"எட்டாவது பாஸாகிப்போட்டு நோட்டரியா மாப்ள?"

"பாஸ் இல்லீங்க."

அதற்குமேல் அவரால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தலையில் தட்டிவிட்டேன்.

மறுநாள் வக்கீலம்மாவிடம் புதுப் பேப்பர் போட்டோம். பாஸ்போர்ட் வந்தது. பிள்ளை வேலைக்குப் போய்விட்டாள்.

சீலில் இருந்த ரப்பரை அன்றைக்கே அறுத்து எறிந்தேன். கைப்பிடியை வீட்டுக்காரி விடவில்லை. டீக்கு இஞ்சி தட்ட எடுத்து வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் சமையலறையில் டொக், டொக் என்று கேட்கும்.

லீவுக்கு வந்தால் மச்சான் மகள் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். வாசலில் நின்றே கத்துவாள்.

"அத்தை, டீ போடுங்க. மாமா, ரெண்டு சீல் போடுங்க. ஒண்ணு சாய்வா, ஒண்ணு நேரா."

நான்தான் எழுந்து போய் இஞ்சி தட்டுவேன்.