இடம் கேட்டு வாங்கிய கப்பல் அறை

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், அடுத்தவன் தலையில் மிளகாய் அரைக்கிறவர்களுக்கு ஜலதோஷம்கூட வருவதில்லை. மச்சினியை விசாரித்ததாகச் சொல்லவும். பாவம், அவள் என்ன செய்வாள், உங்களைக் கட்டிக்கொண்டுவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகள் நர்ஸாக இருக்கிற தீவை இந்த உல்லாசக் கப்பல் ஒட்டியே போகும், ஆனால் நிற்காது. லீவு கிடைக்காத மகள் அங்கே துறைமுகச் சுவரில் நின்று கையாட்டுவாள். மூட்டு தேய்ந்த என் வீட்டுக்காரியால் மேல்தளத்துக்கு ஏற முடியாது, அறைச் சன்னலிலிருந்துதான் பார்க்க வேண்டும். பெற்ற பெண்ணைப் பார்த்து வருஷக்கணக்காகிறது அவளுக்கு. ஆக, அறை எந்தப் பக்கம் என்ற ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. போயும் போயும் அதை உங்களிடம் கேட்டேன்.

டிக்கெட் ஆபீசில் அந்தப் பெண் "போர்ட் சைடா, ஸ்டார்போர்டு சைடா" என்றதும் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் எதையோ மென்றுகொண்டே, "போர்ட்டுன்னா துறைமுகம். பொண்ணு நிக்கிறது துறைமுகத்துல. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றீர்கள், கப்பலுக்கு ஆணி அடித்ததே நீங்கள்தான் என்கிற தோரணையில். அந்தப் பெண் நல்ல பெண். போர்ட் என்றால் வலம் இல்லை சார், இடம் என்று விளங்கத்தான் சொன்னாள். நானோ காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவன், எனக்கு இடம் என்றால் உட்காருகிற இடம். ஆகா, இடம் இருக்கிறது என்கிறாளே என்று பூரித்துப்போய், இடம்தான் வேண்டும், யாருக்கும் விட்டுவிடாதே அம்மா என்றேன். போனில் நீங்களும் "புடிங்க, புடிங்க" என்று துரிதப்படுத்தினீர்கள். இரண்டு புத்திசாலிகளும் சேர்ந்து இடது பக்கத்தைப் பிடித்தோம்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் வரைபடத்தை விரித்து, தீப்பெட்டியைக் கப்பலாக்கி நான் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். என் வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "தீவு இந்தப் பக்கம் இருக்கு, நம்ம சன்னல் அந்தப் பக்கம் இருக்கு. எம்பொண்ணு கையாட்டறப்ப நான் தண்ணியவா பாத்துக்கிட்டு இருக்கணும்?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அவளோ உள்ளே போய் மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த ஸ்வெட்டரை மறுபடி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். சரி, வழி கேட்போம் என்று மானம் கெட்டு உங்களுக்கே திரும்பப் போன் போட்டால், கட்டிலில் தலையைக் கால்மாட்டில் வைத்துப் படுத்தால் இடது வலதாகிவிடும் என்கிறீர்கள். படுக்கிறவனுக்கு மாறும் ஐயா, கப்பலுக்கு மாறுமா? உங்களை எல்லாம் நம்பி ஒரு ஆபீஸ் இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்திருக்கிறதே, அந்த முதலாளியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அந்த டிக்கெட் பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்று வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். சலவை மிஷின் ஓடுகிற அறைக்கு அடுத்த அறையாம், பகல் முழுக்கத் தடதடவென்று சுவர் ஆடுமாம், ஆடட்டும். என் வீட்டுக்காரி தீவுப் பக்கச் சன்னல் கிடைத்ததும் சிரித்துவிட்டாள், எனக்கு அது போதும். இனி வலது, இடது, மேல், கீழ் எதைப் பற்றியும் உங்களிடம் வாய் திறப்பதாக இல்லை. நீங்களும் திறக்க வேண்டாம்.

குழந்தைகள் உங்கள் மூளை வராமல் நன்றாக வளர வாழ்த்தும்,
உங்கள் மூத்த சகலை.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் கூப்பிட்டாள். லீவு கிடைத்துவிட்டதாம், கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே இங்கே வந்து எங்களோடு அதே கப்பலில் ஏறுகிறாளாம். சுவரில் யாரும் நிற்கப் போவதில்லை. நான் விட்ட இடது பக்க அறையையே அவள் பிடித்துவிட்டாள், அங்கே சத்தமே இல்லையாம். அம்மாவும் பெண்ணும் அதில் தங்குகிறார்கள், என்னைக் கேட்கக்கூட இல்லை. சலவை மிஷின் பக்கத்தில் நான் மட்டும்தான். இன்னொரு கட்டில் சும்மா கிடக்கிறது. மச்சினி விட்டால் நீங்கள் வாருங்களேன், சகலை. தலையை எந்தப் பக்கம் வைத்து வேண்டுமானாலும் படுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.